ஃபெஞ்சல் மழையில் ஊறிய பின்பால் மெஷின் பெட்டியைச் சரிசெய்த கதை

பழைய பின்பால் மெஷினைச் சரிசெய்வது எப்படி என்று யூடியூபில் தேடினால் வீடியோவுக்குக் குறைவே இல்லை. ஆனால் எல்லாம் உள்ளே இருக்கும் மின்சாமான்களான ரிலே, காயில், சுவிட்ச் பற்றியவை. பெட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அவர்களும் அமெரிக்காவில் காய்ந்த அறையில் நின்ற பெட்டியை வைத்துத்தான் பேசுகிறார்கள். கடலுக்குப் பக்கத்தில், முழங்கால் அளவு மழைத் தண்ணீரில் நின்று ஊறிப்போன பெட்டியை என்ன செய்வது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. புதுச்சேரியில் இதைச் செய்து முடித்தவர் என்று ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஒருவர் சொல்லியிருந்தால் குறைந்தது முப்பதாயிரம் ரூபாயும் ஒரு மழைக்காலமும் எனக்கு மிஞ்சியிருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன். உங்களிடம் இருப்பது கேரம் டேபிளோ பழைய ரேடியோ பெட்டியோ ஆனாலும் இதில் பாதி உதவும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சாய்ந்த பலகை, மேலே கண்ணாடி, உள்ளே ஓர் இரும்புக் குண்டு, கீழே குண்டைத் தட்டிவிட இரண்டு ஃபிளிப்பர். அதுதான் பின்பால். என்னுடையது சிகாகோவின் காட்லீப் கம்பெனி 1970களில் செய்தது. ஃபிளிப்பரை முதலில் கொண்டுவந்ததும் இதே கம்பெனிதான், 1947ல். அதற்கு முன்பு குண்டு போன போக்குக்கு விட வேண்டியதுதான், அதிர்ஷ்டம் இருந்தால் பாயின்ட். அதனாலேயே சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரத்தில் 1942ல் தடை போட்டார்கள், 1976ல்தான் எடுத்தார்கள். பிரான்சில் கஃபேக்களில் இந்த மெஷின்கள் சர்வசாதாரணம். என் மெஷின் நம் ஊருக்கு வந்ததும் அந்த வழியாகத்தான்.

முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர் வீடு. பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தபோது வீட்டுச் சாமான்களோடு இதையும் கன்டெய்னரில் போட்டுக் கொண்டுவந்தாராம். அவர் காலமாகி வெகுநாள் ஆகிறது. மெஷின் கீழ்த்தள அறையில் போர்வை போர்த்திக் கிடந்தது. விற்பதாக இருந்தால் சொல்லுங்கள் என்று பல வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது உங்களுக்கும் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்ததும் அந்த வீட்டு அம்மா போன் செய்தார். "தம்பி, கீழ் ரூமை மொத்தமா காலி பண்றோம். உனக்கு வேணும்னா இந்த வாரத்துலயே எடுத்துக்கோ. அறுபதுக்குக் கம்மியா தர மாட்டேன்." பேசிப் பேசி முப்பத்தைந்தாயிரத்துக்கு முடிந்தது. கால் நான்கும் தண்ணீரில் நின்றிருந்தன, பெட்டியின் அடிப்பாகம் ஊறியிருந்தது. பின்னால் நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டிக்குத் தண்ணீர் எட்டவில்லை. அதில் இருக்கும் படம் போட்ட கண்ணாடி முழுசாக இருந்தது. அந்தக் கண்ணாடிக்காகத்தான் அவ்வளவு பணம் கொடுத்தேன், இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை.

வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கோணூசி கொண்டு போங்கள். பெட்டிக்குக் கீழே படுத்து, நான்கு மூலையிலும், அடிப்பலகை பக்கப்பலகையோடு சேரும் இடத்திலும் குத்திப் பாருங்கள். ஊசி தடையில்லாமல் இறங்கினால் அந்த மரம் போய்விட்டது. மூலைகள்தான் முக்கியம், ஏனென்றால் நூறு கிலோவுக்கு மேலான எடையைத் தாங்கும் கால் போல்ட்டுகள் அங்கேதான் ஏறுகின்றன. படக்கண்ணாடியைப் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். படம் கண்ணாடியின் உள்பக்கம் அச்சடித்தது, அது செதில் செதிலாகக் கழன்றிருந்தால் ஒளி ஊசி ஊசியாக வெளியே வரும். ஆசையாக ஈரத்துணி போட்டு மட்டும் துடைத்துவிடாதீர்கள், படம் துணியோடு வந்துவிடும். வெளிப்பக்கம் துடைக்கலாம், உள்பக்கம் கையே படக் கூடாது. சாவி கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அது அரிசிப் பானைக்குப் பின்னால் கிடைத்தது.

தூக்கி வருவதற்குத் தனி வேலை. தலைப்பெட்டியைத் தனியாகக் கழற்ற வேண்டும், அதற்கு முன் உள்ளே இருக்கும் பெரிய பிளக்குகளைப் பிடுங்க வேண்டும். ஒவ்வொன்றையும் பிடுங்கும் முன் போட்டோ எடுத்து, இரண்டு பக்கமும் ஒரே எண் எழுதிய டேப் ஒட்டுங்கள். பெட்டியின் அடிப்பலகை மேல் ரிலேக்களும், பாயின்ட் ஏற்றும் ஸ்கோர் மோட்டாரும் ஒரு தனிப் பலகையில் உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றி மெத்தை மேல் வைத்துக் கொண்டுவந்தோம். கால்களைக் கழற்றி, பெட்டியைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி, லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கியபோது எதிர்வீட்டுக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டார். "என்ன சார், யாருக்கு என்ன ஆச்சு?" கால் இல்லாத பின்பால் பெட்டி பார்ப்பதற்குச் சவப்பெட்டிதான், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. என் மனைவி அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை.

அடுத்தது காயவைப்பது. பார்த்தவர்கள் எல்லோரும் மாடியில் வெயிலில் போடு என்றார்கள். போடாதீர்கள். ஊறிய பிளைவுட்டை வெயிலில் வைத்தால் வெளி அடுக்கு சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், பசை விட்டு அடுக்கு அடுக்காகப் பிரியும், மேலே இருக்கும் பெயின்ட்டும் வெடிக்கும். நிழலில், தரையிலிருந்து நான்கு செங்கல் உயரத்தில், சின்ன டேபிள் ஃபேன் ஓட வைக்க வேண்டும். மரத்தின் ஈரம் பார்க்கும் மீட்டர் ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது, அதை முதலில் வாங்குங்கள். வந்த புதிதில் அடிப்பாகத்தில் 30 சதவீதத்துக்கு மேல் காட்டியது. 15க்குக் கீழே வராமல் பசையோ பட்டியோ எதையும் தொடக் கூடாது. நம் கடற்கரைக் காற்றில் அதற்குக் கீழே வெகுவாக இறங்காது, அதனால் பத்து வரட்டும் என்று காத்திருப்பதும் வீண். எனக்கு மாசி வரை பிடித்தது.

இங்கே வரை எல்லாம் நல்லபடி. இனிதான் வயிற்றெரிச்சல். பழைய ஃபர்னிச்சர் புதுப்பிக்கும் பட்டறை ஒன்று, பெயர் வேண்டாம், வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகும் இடம். வாசலில் செட்டிநாட்டுத் தூண்களும் ஊஞ்சல் பலகைகளும் அடுக்கியிருப்பார்கள். "இதெல்லாம் நமக்குப் பழக்கம்தான் சார், விட்டுட்டுப் போங்க" என்றார் முதலாளி. பதினெட்டாயிரம் முன்பணம் கேட்டார், கொடுத்தேன். பக்கங்களில் இருக்கும் படத்தைத் தொடக் கூடாது, முதலில் நான் வந்து நகல் எடுக்க வேண்டும் என்று வாயாரச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் ட்ரேசிங் பேப்பரோடு போய்ப் பார்த்தால், இடது பக்கம் முழுவதும் பெல்ட் சாண்டர் போட்டு வெள்ளை மரமாக நிற்கிறது. சிவப்பும் நீலமுமாக ஐம்பது வருடம் இருந்த ஓவியம் தரையில் பொடியாகக் கிடந்தது. எனக்குக் கை நடுங்கியது. முதலாளி ரொம்பப் பெருமையாக, "பழசு போனாத்தான் சார் புதுசு நிக்கும். தேக்கு கலர் பாலிஷ் அடிச்சா ராஜா மாதிரி இருக்கும்" என்கிறார். பின்பால் மெஷினுக்குத் தேக்கு பாலிஷ். கால் போல்ட் துரு பிடித்திருக்கிறது என்று கடையிலிருந்து 10 மில்லிமீட்டர் போல்ட் வாங்கி, உள்ளே இருந்த நட்டில் ஸ்பேனர் போட்டு முறுக்கி, இரண்டு மூலையில் மரையையும் அழித்திருந்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வேலை செய்தாகிவிட்டது, கூலி கொடுத்தாகிவிட்டது என்றார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. பல மாதம் இழுத்தடித்து, கடைசியில் பெட்டி வந்தால் போதும் என்று எடுத்து வந்தேன். அன்று இரவு அதை அப்படியே பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாமா என்று உண்மையிலேயே யோசித்தேன். "போட்டுடுங்க, ஹால் காலியாகும்" என்று மனைவி சொன்னதும்தான், இல்லை, முடித்தே தீருவது என்று பிடிவாதம் வந்தது.

அந்தப் பட்டறையில் யாரும் வேலை தெரியாதவர்கள் இல்லை, தேக்கு வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்களுக்குப் பழைய மரம் என்றால் சீவி, இழைத்து, பாலிஷ் போடுவது. பின்பால் பெட்டி அப்படிப்பட்ட சாமான் கிடையாது. அதில் மரவேலை படகு ஆசாரியின் வேலை, பெயின்ட் கார் பெயின்டரின் வேலை, படம் நம்பர் பிளேட் ஸ்டிக்கர் கடைக்காரரின் வேலை, போல்ட் பழைய இரும்புக் கடைக்காரரின் வேலை. மொத்தத்தையும் ஒருவரிடம் கொடுத்து, முடித்துக் கொடுங்கள் என்று நிம்மதியாக இருக்க நம் ஊரில் ஆளில்லை. வேலையைப் பிரித்து, அந்தந்தத் தொழில்காரரிடம், பக்கத்தில் நின்று வாங்க வேண்டும். யாரிடம் கொடுக்கும் முன்பும் இரண்டு பக்கம், முன்பக்கம், தலைப்பெட்டி எல்லாவற்றையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து, ட்ரேசிங் பேப்பரில் கோடு இழுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். செய்யக் கூடாததைச் சுண்ணாம்புக் கட்டியால் பெட்டி மேலேயே எழுதுங்கள். சொன்னது முதலாளிக்குத்தான் தெரியும், சாண்டர் பிடிக்கிற பையனுக்குத் தெரியாது.

படகு ஆசாரி கிடைத்தது ஒரு நண்பர் வழியாக. கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் விசைப்படகு மராமத்து பார்க்கிறவர். பெட்டியைக் கொண்டுபோய் இறக்கினேன். சுற்றி வந்து தட்டித் தட்டிப் பார்த்தார். "தண்ணி குடிச்ச மரம்தானே, தினம் பாக்கறதுதான். அழுகினத எடுத்தாப் போதும். நல்ல மரத்துல கை வைக்கக் கூடாது தம்பி" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

பக்கப்பலகைகள் முக்கால் அங்குல பிளைவுட். கீழ் விளிம்பில் அடுக்கு பிரிந்து விரிந்திருந்தது. அழுகாமல் வெறுமனே பிரிந்த இடங்களில், மருந்துக்கடை சிரிஞ்சில் எபாக்ஸிப் பசையை ஏற்றி ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் செலுத்தினார். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள் வைத்து, அதன் மேல் கட்டை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கினார். பிளாஸ்டிக் தாள் இல்லையென்றால் கட்டையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பின்மூலையில் ஒரு சாண் அளவுக்கு மரம் முழுக்கப் போயிருந்தது. அதை நேராக வெட்டி ஒட்டுப்போடாமல், கனத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, புதுத்துண்டையும் அதே சாய்வில் சீவி ஒன்றன் மேல் ஒன்று உட்கார வைத்தார். படகில் பலகை நீட்டுகிற முறையாம். முக்கால் அங்குலத்துக்கு ஆறு அங்குலச் சாய்வு. நேர் ஒட்டு என்றால் இரண்டு மழைக்குப் பிறகு பெயின்ட்டில் கோடு தெரியும், இதில் தெரியாது. இன்றுவரை எனக்கே இடம் தேட வேண்டியிருக்கிறது. மூலைகளில் உள்ளே இருந்த முக்கோணக் கட்டைகளைப் புதிதாகச் செய்து, மரை அழிந்த தகடுகளுக்கு நட் வெல்டிங் வைத்தோம்.

அடிப்பலகை பார்ட்டிகிள் போர்டு, அதைக் காப்பாற்ற வழியே இல்லை. ஊறிப் பருத்து, விரலால் தொட்டால் உதிர்ந்தது. ஐஎஸ் 710 தர முத்திரை போட்ட, தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட் 12 மில்லிமீட்டரில் வெட்டிப் போட்டோம். ஒரு சின்ன சிக்கல் உண்டு. பக்கப்பலகையில் அடிப்பலகை உட்காரும் பள்ளம் அரை அங்குலம், அதாவது 12.7. நம் ஊர் 12 மில்லிமீட்டர் பிளை அதில் லொடலொட என்று ஆடும். மெல்லிய வினீர் (மரத்தாள்) பட்டை ஒட்டிச் சரிக்கட்ட வேண்டும், ஆணி அடித்து நிறுத்தக் கூடாது. பழைய பலகையில் காற்றோட்டத்துக்கு ஓட்டைகள் இருந்தால் அதே இடத்தில் புதிதிலும் போடுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் சூடு வெளியே போக வேண்டும். உள்ளே கொசுவலைக் கம்பி அடித்துவிட்டால் எலி வராது. கூலியும் சாமானும் சேர்த்து ஆசாரிக்கு இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே ஆனது. முழுதாகக் கொடுத்த பணத்தில் மனசு நிறைந்தது இது ஒன்றில்தான்.

போல்ட் கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அமெரிக்க மெஷினின் கால் போல்ட் எட்டில் மூன்று அங்குலக் கனம், அங்குலத்துக்கு 16 மரை. 10 மில்லிமீட்டர் பார்ப்பதற்கு அதுபோலவே இருக்கும், கொஞ்சம் பருமன், மரையும் வேறு, வைத்து முறுக்கினால் நட்டு காலி. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று இருந்தேன். பழைய இரும்புக் கடையில் ஒரு பாய் பெட்டியைக் கிளறி விட்வொர்த் மரை போல்ட் எடுத்துக் கொடுத்தார். வெள்ளைக்காரன் காலத்து அளவு. எட்டில் மூன்று அங்குலத்தில் அதற்கும் 16 மரைதான், மரையின் கோணம் மட்டும் ஐந்து டிகிரி வித்தியாசம். கால் மாட்டுவதற்குத் தாராளமாகப் போதும். ஒரு போல்ட் முப்பது ரூபாய்கூட இல்லை. அதே நேரம் வெளிநாட்டிலிருந்து நான் தருவித்த ரப்பர் வளையங்களும் கால் அடிக்குமிழ்களும் ஒன்பதாயிரம் ரூபாய்ச் சாமான், கூரியரும் சுங்கத் தீர்வையும் சேர்ந்து பதினாறாயிரத்தில் வந்து நின்றது. வெளியிலிருந்து வாங்குவதாக இருந்தால் தேவையானது மொத்தத்தையும் பட்டியல் போட்டு ஒரே பார்சலாக வாங்குங்கள். துண்டு துண்டாக வாங்கினால் சாமானை விடக் கூரியர்தான் தின்னும்.

பெயின்ட்டுக்கு வருவோம். முதலில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978ல்தான். அதற்கு முந்தைய பெட்டி என்றால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பெல்ட் சாண்டர் ஓட்டிய அந்தப் பையன் மூக்கில் கைக்குட்டைகூடக் கட்டாமல் நின்றதை நினைத்தால் எனக்கு என் படம் போன கோபத்தை விட அதுதான் இப்போது உறுத்துகிறது.

நிறம் எடுப்பதற்கு வெளியே தெரியும் பெயின்ட்டை நம்பாதீர்கள், அது வெளுத்துப் பழுப்பேறியிருக்கும். கால் மாட்டும் இடத்திலும், காசு போடும் கதவின் சட்டத்துக்கு அடியிலும், பக்கவாட்டு எவர்சில்வர் பட்டைக்கு அடியிலும் வெளிச்சம் படாத பெயின்ட் அப்படியே புதிதாக இருக்கும். அதைக் காட்டி, கார் பெயின்ட் கலக்கும் கடையில் கம்ப்யூட்டரில் கலந்து வாங்கினேன். வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். அடிப்பது வில்லியனூர் ரோட்டில் ஒரு டிங்கரிங் ஷெட் பெயின்டர். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வெள்ளை அடித்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. பட்டறையில் பெட்டி சும்மா கிடந்த மாதங்களின் பலன் இங்கேதான் வந்து விடிந்தது. மழைக்காற்றில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் ஆவியாகும் தின்னர் மேற்பரப்பைக் குளிர வைக்கும், காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து மேகம் போட்டதுபோலப் பூத்துப்போகும். காலையில் பார்த்தால் பெட்டி முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. பெயின்டர் நல்ல மனிதர், "இனிமே பொங்கல் முடிஞ்சுதான் சார். இப்ப அடிச்சா உங்க காசும் போகும், என் பேரும் போகும்" என்று நேராகச் சொல்லி, ஷெட்டில் ஓரமாக மூடி வைத்துவிட்டார். நம் பக்கம் தை முதல் வைகாசி வரை பெயின்ட் வேலைக்கு நல்ல காலம். அதை மனதில் வைத்து மரவேலையைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இடது பக்கப் படம் போய்விட்டது என்றேன் அல்லவா. நல்லவேளை, இந்த மெஷினில் வலது பக்கம் இடது பக்கத்தின் கண்ணாடி பிம்பம். வலது பக்கத்தை ட்ரேசிங் பேப்பரில் எடுத்து, திருப்பிப் போட்டால் இடது பக்கம். பைக்குக்கு நம்பர் பிளேட்டும் பெயரும் ஒட்டும் ஸ்டிக்கர் கடையில் அதைக் கொடுத்தேன். அவர் ஸ்கேன் செய்து, வினைல் தாளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்றாக வெட்டிக் கொடுத்தார், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இரண்டாயிரத்து சொச்சம். சாதாரண ஸ்டிக்கர் தாள் வேண்டாம், பசை குறைவான மாஸ்க் தாள் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தாள் உரிக்கும்போது அடியில் இருக்கும் புது வெள்ளையையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஒட்டியதும் நேராகச் சிவப்பை அடிக்காமல், முதலில் அதே வெள்ளையை லேசாக ஒரு கை அடிக்கச் சொல்லுங்கள். விளிம்பில் இருக்கும் சந்துகளை அது அடைத்துவிடும், பிறகு சிவப்பு உள்ளே கசியாது. பெயின்ட் முழுக்க இறுகும் முன், கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போதே தாளை உரிக்க வேண்டும். சிகாகோவில் தகட்டு ஸ்டென்சிலைப் பெட்டி மேல் பிடித்து அடித்ததால் அசலில் ஓரங்கள் கொஞ்சம் புகைந்தாற்போல இருக்கும். என் பெட்டியின் ஓரம் கத்தி மாதிரி இருக்கிறது. இதெல்லாம் பெரிய விஷயமா என்று பெயின்டர் சிரிக்கிறார், எனக்கு அது கொஞ்சம் குறைதான்.

மேல் கண்ணாடிக்கு இந்த வீட்டில் எப்போதோ ஜன்னல் கண்ணாடி வெட்டிப் போட்டிருந்தார்கள். கை வைத்துச் சாயும் இடத்தில் அது இருக்கவே கூடாது, உடைந்தால் வாள் வாளாக நிற்கும். சூடேற்றிக் கடினமாக்கிய டஃபன்டு கண்ணாடிதான் போட வேண்டும். அளவு அநேகமாக 21க்கு 43 அங்குலம், ஆனாலும் உங்கள் பெட்டியை அளந்து கொடுங்கள், ஏனென்றால் டஃபன் செய்த பிறகு அதை வெட்டவோ தேய்க்கவோ முடியாது, வெட்டப் போனால் மொத்தமும் பொடியாகும். அசல் கனம் 4.76 மில்லிமீட்டர், நமக்குக் கிடைப்பது 5. கண்ணாடி சறுக்கி உள்ளே போகும் பிளாஸ்டிக் பட்டையில் கொஞ்சம் இறுக்கமாகப் போகும், மெழுகுவர்த்தி தடவினால் சரியாகிவிடும். ஓரங்களை பாலிஷ் போடச் சொல்ல மறக்காதீர்கள்.

கரண்ட் பற்றி நான் எழுத வேண்டிய ஆள் இல்லை, ஆனால் பெட்டி சம்பந்தப்பட்ட அளவுக்குச் சொல்கிறேன். வாங்கிய உற்சாகத்தில் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். என் மெஷினில் யாரோ இரண்டு பின் வயர் மாட்டியிருந்தார்கள், எர்த்தே இல்லை. கால், காசுக் கதவு, பக்கப் பட்டை, முன்னால் கை வைக்கும் பட்டை எல்லாம் இரும்பு. மூன்று பின் வயர் போட்டு, இந்த இரும்பு எல்லாவற்றையும் ஒரே எர்த் கம்பியில் கோத்த பிறகுதான் அடுத்த வேலை. டிரான்ஸ்ஃபார்மரில் எந்த முனையில் வயர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவிலேயே ஓடிய மெஷின் என்றால் 120 வோல்ட்டில் இருக்கும், நம் 230ஐக் கொடுத்தால் கதை முடிந்தது. என்னுடையது பிரான்சுக்குப் போனது என்பதால் 220ல் இருந்தது. முதல் தடவை கரண்ட் கொடுத்தது தெரு எலக்ட்ரீஷியனின் சீரிஸ் போர்டில், 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், மெஷின் தப்பிக்கும். எங்களுக்கு மங்கலாகத்தான் எரிந்தது. படக்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் 6.3 வோல்ட் பல்புகள் 44 நம்பர் என்றால், கால் ஆம்பியர் இழுப்பவை. 47 நம்பர் போட்டால் 0.15 ஆம்பியர்தான், சூடு குறையும், படம் கழல்வதும் குறையும்.

மொத்தம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். மெஷின் முப்பத்தைந்து, பட்டறையில் போன பதினெட்டு, ஆசாரி கிட்டத்தட்ட இருபது, பெயின்ட் மற்றும் ஸ்டென்சில் இருபத்திரண்டு (அதில் பூத்துப்போனதைத் தேய்த்து மறுபடி அடித்த செலவு ஐந்து), பார்சல் பதினாறு, கண்ணாடி நான்கு, வண்டி வாடகையும் இதர சில்லறையும் பன்னிரண்டு. ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் வருகிறது. இன்னும் ரிலேக்களின் முனைகளைத் தேய்ப்பது பாக்கி. ஸ்கோர் மோட்டார் தண்ணீரில் நனைந்ததால் முக்குகிறது. அதற்கு லேத்தில் ஒரு புஷ் கடைய வேண்டும் என்கிறார்கள். இப்போதைக்கு இடது ஃபிளிப்பர் அடிக்கிறது, வலதுக்குக் காயில் வர வேண்டும்.

போன வாரம் அந்தப் பட்டறை முதலாளி எங்கிருந்தோ கேள்விப்பட்டு போன் செய்தார். பிரெஞ்சுக்காரர் ஒருவர் கேட்கிறாராம், ஒன்றரைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். பதினெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.